60 மணி நேரம் மட்டுமே ஓடிய பழைய மோட்டாரா, புதிய மோட்டாரா?

கேள்வி: என்னிடம் 14 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு ஒன்று இருக்கிறது. விடுமுறை நாள்களில் இரண்டு அல்லது மூன்று பேர் கழிமுகத்தில் தூண்டில் போடச் செல்வோம். கடல் அமைதியாக இருந்தால் முகத்துவாரத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் வரை போவதும் உண்டு. இதுவரை இரவல் மோட்டாரில் சமாளித்தேன். இப்போது ஒன்பது ஆண்டுப் பழமையான, கார்புரேட்டர் வைத்த 20 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதியதன் விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கிறார்கள். மொத்தமே 60 மணி நேரம்தான் ஓடியது என்றும், கடந்த இரண்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது என்றும் விற்பவர் சொல்கிறார். இதை வாங்கலாமா, கடன் பட்டாவது புதியது வாங்குவது நல்லதா? இதைவிடக் குறைந்த விலைக்குப் பழைய டூ-ஸ்ட்ரோக் ஒன்றும் இருக்கிறது, அதையும் கருதலாமா?

பதில்: தாங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்வதானால், கேட்கிற விலைக்கு அந்த மோட்டாரை வாங்க வேண்டாம். பழையது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அவுட்போர்டு மோட்டார்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், ஆண்டுதோறும் ஓடி, உரிய காலத்தில் சர்வீஸ் செய்யப்பட்டு, அதற்கான ரசீதுகளோடு வருகிற பழைய மோட்டாரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். என்னைத் தயங்க வைப்பவை இரண்டு விவரங்கள்: 60 மணி நேரம் என்பதும், இரண்டு ஆண்டு ஓய்வு என்பதும். விற்பவர் இவ்விரண்டையும் மோட்டாரின் சிறப்பாகச் சொல்கிறார். விலையைக் குறைத்துக் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணங்களும் இவ்விரண்டேதான்.

ஒன்பது ஆண்டுகளில் 60 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. அதாவது, ஒவ்வோர் ஆண்டும் சில முறை உப்புநீரில் இறங்கி, பிறகு மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கிறது. அவுட்போர்டு மோட்டார் தான் மிதக்கும் நீரையே உள்ளிழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கார் எஞ்சினைப்போல மூடிய சுற்றில் ஓடும் குளிர்விப்பு நீர் அதற்குக் கிடையாது. உப்புநீர் அதிகம் சூடேறினால் உப்பு பிரிந்து உள்ளே படிந்துவிடும் என்பதால்தான், கார்களில் 80 டிகிரிக்கு மேல் திறக்கும் தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டு வால்வை இந்த மோட்டார்களில் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும்படி வைக்கிறார்கள். கரைக்கு வந்ததும் நன்னீர் ஓட்டிக் கழுவாமல் அப்படியே நிறுத்தினால், சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய நீர்ப்பாதைகளில் தங்கிய நீர் காய்ந்து உப்பு மட்டும் கெட்டியாக நிற்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், கொட்டகையில் நிற்கும்போதும் அலுமினியத்தின் அரிப்பு நிற்பதில்லை. தொடர்ந்து ஓடும் மோட்டாரில் அடுத்த பயணமே பழைய உப்பில் ஒரு பகுதியைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். நின்ற மோட்டாருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே, எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் எப்படிக் கழுவி வைத்தார், எங்கே எந்தக் குழாயில் கழுவினார் என்று விற்பவரிடம் கேளுங்கள். உண்மையிலேயே கழுவியவர் அந்த வேலையை விவரமாகவே சொல்வார்.

இன்னொன்று, அந்த 60 மணி நேரத்துக்கு ஆதாரம் என்ன? எரிபொருள் ஊசியிடும் (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) முறையில் இயங்கும் மோட்டார்களில், ஓடிய நேரத்தையும் எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் கட்டுப்பாட்டுக் கணினி பதிந்து வைத்திருக்கும். விற்பனை முகவரின் கருவியை இணைத்தால் படித்துவிடலாம். தாங்கள் சொல்லும் கார்புரேட்டர் வகைச் சிறிய மோட்டாரில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. தனியாக மணிக்காட்டி பொருத்தியிருந்தாலொழிய, 60 என்பது வெறும் வாய்வார்த்தை. ஆக்ஸிலரேட்டர் பிடியின் ரப்பர் வழவழத்திருக்கிறதா, டிரான்ஸத்தை, அதாவது படகின் பின்பலகையை, கவ்வும் திருகுகளின் வட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, புரொப்பல்லருக்குக் கீழே துருத்தும் துடுப்புமுனையில் மணலில் உரசி வண்ணம் போயிருக்கிறதா என்பவையே அதைவிட நம்பத்தக்க சாட்சிகள்.

ஓய்வில் நின்ற காலம் எரிபொருள் பாதையையும் கெடுத்திருக்கும். பெட்ரோல் சில மாதங்களிலேயே பழுதாகத் தொடங்கி, கார்புரேட்டரின் கிண்ணத்தில் பசைபோன்ற படிவை விட்டுச்செல்லும். அது முதலில் அடைப்பது, மெதுவேகத்தில் பெட்ரோல் வரும், மிகச் சிறிய துளைகளைக் கொண்ட ஐடில் ஜெட்டைத்தான். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால், அது ஈரத்தை உறிஞ்சி, ஓர் அளவுக்கு மேல் போனதும் எத்தனாலும் நீரும் தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். அந்தக் கலவை அலுமினியத்தையும் அரிக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். நீர்ப்பம்பினுள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரோ, ஒரே நிலையில் இரண்டு ஆண்டு அழுந்திக் கிடந்ததால் அதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகியிருக்கும். இவை எல்லாம் சரிசெய்யக் கூடியவை. ஆனால் அந்தச் செலவு விற்பவர் கேட்கும் விலையில் அடங்கவில்லை.

மோட்டாரைப் பார்க்கப் போவதற்கு முன் தங்கள் படகிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், டிரான்ஸத்தின் உயரத்தை மட்டும் எழுதவில்லை. மோட்டாரைத் தொங்கவிடும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிப்பகுதி வரை நேராக அளந்து பாருங்கள். ஏறத்தாழ 15 அங்குலம் வந்தால் குட்டை ஷாஃப்ட், 20 அங்குலம் வந்தால் நீள ஷாஃப்ட், 25 அங்குலம் வந்தால் மிக நீள ஷாஃப்ட் மோட்டார் தேவை. மோட்டாரைப் பொருத்திய பிறகு புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு இணையாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ வர வேண்டும். குட்டை ஷாஃப்ட் மோட்டாரை உயரமான டிரான்ஸத்தில் மாட்டினால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சிக்கொண்டு வெற்றாகச் சுழலும். நீள ஷாஃப்ட்டைக் குட்டை டிரான்ஸத்தில் மாட்டினால் தேவையற்ற ஆழத்தில் மோட்டாரின் கால் (நீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதி) இழுபட்டு வேகமும் எரிபொருளும் வீணாகும், ஆழமில்லாத கழிமுகத்தில் அடியும் படும். 'சமாளித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

அதே சமயத்தில் படகின் கொள்திறன் தகட்டில் அனுமதிக்கப்பட்ட உச்சக் குதிரைத்திறனையும் பார்த்துவிடுங்கள். 20 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் தோராயமாக 45 முதல் 55 கிலோ வரை இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது பின்பகுதி எவ்வளவு அமிழ்கிறது என்பதை, இரவல் மோட்டார் இருக்கும்போதே கூடுதல் எடை வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. டிரான்ஸத்தின் உள்ளே மரப்பலகை இருந்தால் அது ஈரம் ஏறி உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும் வேண்டும். உளுத்த டிரான்ஸத்தில் எந்த மோட்டாரையும் மாட்டக் கூடாது.

இனி மோட்டாரைச் சோதிக்கும் முறை. விற்பவரிடம் நேரம் குறிக்கும்போதே, தாங்கள் வருவதற்கு முன் அதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் மேல் மூடியைக் கழற்றி எஞ்சினில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்பதை மறைப்பதற்காக முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். அப்படியானால் பேச்சை நிறுத்திக்கொண்டு வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எரிபொருள் தொட்டியும் புதிய பெட்ரோலும் தாங்களே கொண்டுசெல்லுங்கள். எஞ்சினை ஒருபோதும் நீரில்லாமல் ஓட்டிக்காட்ட அனுமதிக்காதீர்கள்; ஒரு நிமிடத்துக்குள்ளாகவே இம்பெல்லர் கருகிவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியவை பல. ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை அடித்து, அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. நெடுநேரம் மெதுவேகத்தில் ஓட்டுபவர்களின் ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்களில் இது உண்டு. ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர் தலைப் பகுதியில் வண்ணம் கொப்பளித்தோ பழுப்பேறியோ இருந்தால் ஒரு காலத்தில் கடுமையாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அத்தகைய மோட்டாரை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். பாகங்களின் இணைப்பில் வைக்கும் கேஸ்கெட்டின் ஓரங்களில் வெண்ணிற உப்புக் கோடுகள் கசிவைக் காட்டும். போல்ட்டுகளின் தலைகளையும் கூர்ந்து பாருங்கள்: ஆலையில் அடித்த வண்ணம் ஸ்பேனரால் பெயர்ந்திருக்கும் இடமெல்லாம் யாரோ திறந்த இடம். சர்வீஸுக்காகத் திறந்ததென்றால் குற்றமில்லை, ஆனால் எதற்காகத் திறந்தார்கள் என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

அனோடுகள் எனப்படும் தியாகத் தகடுகளைப் பாருங்கள். மற்ற பாகங்கள் அரிபடாமல் இருப்பதற்காகத் தாம் அரிபடுவதே அவற்றின் வேலை. உப்புநீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, நன்னீருக்கு மக்னீசியமோ அலுமினியமோ பயன்படுத்துவார்கள். பாதி கரைந்த தகடு நல்ல அறிகுறியே. தகடே இல்லாமல் வெறும் திருகு மட்டும் நின்றால், அரிப்பு மோட்டாரின் உடம்பையே தின்னத் தொடங்கியிருக்கும். தகட்டின்மேல் யாராவது அழகுக்காக வண்ணம் பூசியிருந்தால், அது வேலை செய்யவே இல்லை என்று பொருள். இதை நான் வியக்கத்தக்க அளவுக்கு அடிக்கடி பார்க்கிறேன்.

கியர்பெட்டியின் ஆயிலைச் சோதிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். மோட்டார் நிமிர்ந்த நிலையில் ஓரிரவு அசையாமல் நின்ற பிறகு, கீழ்த் திருகை முழுதும் கழற்றாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். கியர் ஆயிலைவிட நீர் கனமானது என்பதால், உள்ளே நீர் இருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். தெளிந்த நீர் இரண்டு சொட்டு விழுந்து, பின்னால் ஆயில் கோடிட்டு வரும். ஆயில் ஏற்கெனவே வெளுத்திருந்தால் இவ்வளவு சோதனைகூடத் தேவையில்லை; ஆயில் சீல் போய்விட்டது. பெரும்பாலும் புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புதான் சீலை அறுக்கிறது. ஆகவே புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். திருகின் காந்த முனையில் மென்மையான சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. விரலால் தேய்க்கும்போது சில்லுகள் நெருடினால் பல்சக்கரம் உடைகிறது. ஆயில் பளிச்சென்று புத்தம் புதிதாக இருந்தால் அதைக் கண்டு மகிழ வேண்டாம். நேற்று மாற்றியதாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம் நீரில் ஓட்டிவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். தங்கள் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தால், கியர்பெட்டியில் சிறிதளவு காற்றழுத்தம் ஏற்றி அது குறையாமல் நிற்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றும்போது எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இளம்பழுப்பாக இருப்பது நல்லது. ஒன்று மட்டும் நீரால் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை ஐயப்பட வேண்டும். பிளக்குகள் இரண்டையும் கழற்றிய நிலையிலேயே, ஆக்ஸிலரேட்டரை முழுதும் திறந்து வைத்து, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீட்டரை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொருத்தி, முள் மேலும் ஏறாமல் நிற்கும் வரை எஞ்சினைச் சுழற்றுங்கள். சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில், கயிற்றை எளிதாக இழுப்பதற்காக அழுத்தத்தைத் தற்காலிகமாக விடுவிக்கும் அமைப்பு இருப்பதால், முள் காட்டும் எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியலாம். அதைக் கண்டு பதற வேண்டாம், அதை வைத்து விற்பவருடன் சண்டையும் வேண்டாம். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாடு 10 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. அதற்கு மேல் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்: எண் ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன; ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ கசிகிறது. உப்புநீரில் கிடந்து, பிறகு நின்றுபோன மோட்டார்களில் வால்வு இருக்கைகளில் துரு பிடித்திருப்பது அரிதன்று.

ஸ்டார்ட் ஆனதும் எல்லாரும் பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரையைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அந்தத் தாரை, பம்பு வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதைகள் அடைபடாமல் இருக்கின்றன என்பதை எல்லா மோட்டார்களிலும் காட்டுவதில்லை. தாரை மெலிந்திருந்தால் துளையில் மண் அடைத்திருக்கலாம், கம்பியால் குத்திப் பார்க்கலாம். ஆனால் தாரை வலுவாக இருக்கும்போதும் உள்ளே உப்பு அடைத்திருக்க முடியும். ஆகவே தொடாமலே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் ஓடிய பின், இரண்டு சிலிண்டர்களுக்கு நேராகவும் தெர்மோஸ்டாட் மூடியிலும் வெப்பத்தை அளந்தால், ஓர் இடம் மட்டும் தனித்து ஏறிக்கொண்டே போகிறதா என்பது தெரிந்துவிடும். தங்கள் விஷயத்தில் நான் முதன்மையாகக் கருதும் சோதனை இதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் படகில் மாட்டி நீரில் ஓட்டிப் பாருங்கள். நீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டுவது எஞ்சினுக்குச் சுமை கொடுக்காது. மூன்று பேர் ஏறிய நிலையில் முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடட்டும். இத்தகைய மோட்டார்கள் முழு ஆக்ஸிலரேட்டரில் பொதுவாக நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுழற்சி வரை எட்ட வேண்டும். துல்லியமான எல்லை அதன் கையேட்டில் இருக்கும். எஞ்சின் அலறுகிறது, படகு முன்னேறவில்லை என்றால் புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் நழுவுகிறது. அது சிறிய செலவு. சுமை ஏறும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்குத் தாவினால், கியர்பெட்டியினுள் கிளட்ச்சின் பற்கள் தேய்ந்துவிட்டன. அது பெரிய செலவு. பிறகு மெதுவேகத்துக்குக் கொண்டுவந்து அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கையில் கட்டும் அவசர நிறுத்தக் கயிற்றை உருவினால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவே கூடாது.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கவ்வும் சட்டத்தில் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் விற்பனை ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பல மோட்டார்களில் எஞ்சினின் உடம்பில் உள்ள சிறிய உலோக வில்லையிலும் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தில் எண்தகடு பிய்க்கப்பட்டிருந்தால் என்ன காரணம் சொன்னாலும் வாங்காதீர்கள்.

எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், எஞ்சின் ஆயிலும் அதன் வடிகட்டியும், கியர் ஆயில், எரிபொருள் குழாயும் வடிகட்டியும், பிளக்குகள், அனோடுகள் ஆகியவற்றை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே முதல் பயணம் போக வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், ஓடிய நேரம் குறைவு என்றாலும் ஆண்டுக்கணக்கில் அதன் ஆயுள் முடிந்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதிரிபாகங்களின் விலையை விசாரித்து எழுதி, கூலியையும் கூட்டுங்கள். கூலியை மெக்கானிக் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல மாட்டார், அதற்கு நியாயமும் இருக்கிறது: கழுவாத மோட்டாரில் நீர்ப்பம்பைத் திறப்பதற்காகக் கீழ்க்காலை இறக்க முயலும்போது துருவேறிய போல்ட் முறிந்தால், அரை மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். ஆகவே சோதனை நாளிலேயே அந்தப் போல்ட்டுகள் அசைகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கேட்கும் விலையோடு இந்தத் தொகையைக் கூட்டினால் புதியதன் விலையில் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் புதியதை வாங்குவதே நல்லது என்பது என் கணிப்பு. மிச்சமிருக்கும் இரண்டு பங்குக்குத் தங்களுக்குக் கிடைப்பவை உத்தரவாதமும், உப்பு படியாத நீர்ப்பாதைகளும், முதல் நாளிலிருந்து தாங்களே எழுதிவைக்கும் சர்வீஸ் குறிப்பும். வாங்கி இரண்டு ஆண்டில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு மாறும்: புதிய மோட்டாரின் மதிப்பு தொடக்க ஆண்டுகளில்தான் வேகமாக இறங்குகிறது, அந்த இறக்கத்தைப் பழைய மோட்டாரில் முதல் உரிமையாளர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். ஆனால் தங்கள் கடிதத்தில் அப்படி ஓர் எண்ணம் தெரியவில்லை.

புதியது வாங்குவதானால், செலவைக் குறைக்க 20-க்குப் பதிலாக 15 குதிரைத்திறன் போதுமா என்ற கேள்வி எழும். பல தயாரிப்பாளர்களிடம் 15-உம் 20-உம் ஒரே எஞ்சின் உடம்பில் செய்யப்பட்டவை. எடையிலும் வேறுபாடு அநேகமாக இல்லை. எனவே 15 வாங்கினால் பணம் மிச்சமாகும், எடை மிச்சமாகாது. இரண்டு பேர் போகும்போது தங்கள் படகை 15 நன்றாகவே நீர்மேல் தூக்கி ஓட்டும். மூன்று பேரும் மீன்பெட்டியும் நங்கூரமும் சேர்ந்தால், எதிர் நீரோட்டத்தில் முகத்துவாரத்துக்குள் திரும்பும்போது அது திணறும். வாடிக்கையாக மூன்று பேர் போவதானால் 20-ஐ விட வேண்டாம். முந்தைய ஆண்டு தயாரிப்பாகக் கடையில் விற்காமல் நிற்கும் புதிய மோட்டார் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் விலை குறைத்துக் கொடுப்பார்கள், உத்தரவாதம் விற்ற நாளிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்தரவாதத்துக்கு நிபந்தனைகள் உண்டு. முதல் சர்வீஸ் பொதுவாக 20 மணி நேரத்தில், அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது செய்ய வேண்டும். தங்களைப்போல் குறைவாக ஓட்டுபவருக்கு ஆண்டுக் கணக்குதான் பொருந்தும். 'இன்னும் 100 மணி நேரம் ஆகவில்லையே' என்று தள்ளிப்போட்டால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். படகை வாடகைக்கு விடுவதோ தொழிலுக்குப் பயன்படுத்துவதோ உத்தரவாதக் காலத்தைச் சுருக்கும் அல்லது நீக்கிவிடும். முதல் பத்து மணி நேரத்தில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், முழு வேகத்தை முதலில் தவிர்த்துப் பிறகு சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும். கையேட்டில் மணிவாரியாக எழுதியிருப்பார்கள். மோட்டாருடன் வரும் புரொப்பல்லர் தங்கள் படகுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுச் சுமையில் குறித்த சுழற்சியை எட்டவில்லை என்றால் புரொப்பல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரத்தை) ஓர் அங்குலம் குறைத்துப் பார்க்கலாம். அதனால் ஏறத்தாழ 150 முதல் 200 சுழற்சி கூடும்.

டூ-ஸ்ட்ரோக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல நிலையில் உள்ள பழைய டூ-ஸ்ட்ரோக்கை நான் இகழ மாட்டேன். 15 குதிரைத்திறன் உள்ளது 35 முதல் 40 கிலோதான் இருக்கும். வால்வு கிடையாது, எஞ்சினடியில் ஆயில் தொட்டி கிடையாது, பழுதுபார்ப்பதும் எளிது. பெட்ரோலில் பெரும்பாலும் 50-க்கு 1 என்ற அளவில், டிசி-டபிள்யூ3 தரமுள்ள அவுட்போர்டு ஆயிலைக் கலக்க வேண்டும்; மோட்டார் சைக்கிளுக்கான டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றக் கூடாது. ஆனால் கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே புகையோடு நீரில் விடுகிறது. மெதுவேகத்தில் தூண்டில் இழுத்துக்கொண்டு செல்லும்போது புகையும் சத்தமும் மிகும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். இவ்வகை மோட்டார்களைத் தடைசெய்த நீர்நிலைகளும் உண்டு என்பதால் தங்கள் பகுதி விதியை முதலில் விசாரியுங்கள். விற்கிறவர் பெயரளவில் பெரிய நிறுவனத்தின் மோட்டார் என்று சொன்னாலும் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எவின்ரூட் என்ற பழம்பெரும் பெயரில் மோட்டார் தயாரிப்பு 2020-இல் நின்றுபோனது. அதன் மோட்டார்கள் மோசமானவை அல்ல, ஆனால் ஒரு சிறு பாகத்துக்காகப் பருவம் முழுதும் காத்திருக்க நேரலாம். மாறாக, டொஹாட்சு ஆலையில் செய்யப்பட்டு மெர்க்குரி பெயரில் விற்கப்பட்ட சிறிய மோட்டார்களுக்கு இரண்டு பக்கமும் பாகம் தேடலாம். கழிமுகத்துக்குள் மட்டும் ஓட்டுவதானால் டூ-ஸ்ட்ரோக்கையும் மேலே சொன்ன அதே சோதனைகளுக்கு உட்படுத்திப் பார்க்கலாம், ஆயில் அளவுகோல் ஒன்றைத் தவிர. முகத்துவாரத்தைத் தாண்டுவதானால், எத்தனை ஆண்டு எப்படி ஓடியது என்று தெரியாத மோட்டாரை ஒற்றை மோட்டாராக நம்பிப் போவதை நான் ஏற்க மாட்டேன். புதிய மோட்டார் வைத்திருந்தாலும் துடுப்பும் நங்கூரமும் படகில் இருக்க வேண்டும்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இது: விற்பவரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காமல், குளிர்ந்த நிலையில் சோதிக்கவும், நீரில் ஓட்டவும், கம்ப்ரெஷனை அளக்கவும் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்து எல்லாவற்றிலும் தேறினால், மாற்ற வேண்டிய பாகங்களின் தொகையை அவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வந்தால் வாங்கலாம். நீரில் ஓட்ட மட்டும் மறுத்தால் கடைக்குப் போய்ப் புதிய 20-ஐ முன்பதிவு செய்துவிடுங்கள். பழையதை வாங்கும்பட்சத்தில் வண்டியில் ஏற்றும்போது கையேட்டில் காட்டிய பக்கமாக மட்டுமே படுக்க வையுங்கள், எஞ்சின் தலை கீழ்க்காலைவிட எப்போதும் உயர்ந்தே இருக்கட்டும். தவறான பக்கம் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். தலை தாழ்ந்தால் காலில் தங்கிய நீர் எஞ்சினுக்குள் போகும்.